கட்டாக்காலி நாய்கள்: கல்லெறிவது தீர்வல்ல, சோறு போடுவது மட்டும் போதாது

தரம் 7 மாணவன் ஒருவன் சில நாட்களாக இடது கையை மேசைக்கு அடியில் ஒளித்துக்கொண்டே எழுதிக்கொண்டிருந்தான். "என்ன மகன் கையில?" என்று கேட்டேன். "ஒண்டுமில்ல டீச்சர்" என்றான். இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டு மீண்டும் கேட்டபோதுதான் கையை நீட்டினான். பெருவிரலுக்குக் கீழே மூன்று சிறிய பற்காயங்கள் காய்ந்து கறுத்திருந்தன.

"நாய்க்குட்டி கடிச்சிட்டு டீச்சர். ஊட்டுல சொல்லல்ல. நாயத் தூக்கினேண்டு தெரிஞ்சா வாப்பா ஏசுவாரு."

"எப்ப கடிச்சது?"

"போன கிழமைக்கு முந்தின கிழம."

"கழுவினீங்களா?"

"ஓம் டீச்சர். ஏழு தரம் கழுவினேன். ஒரு தரம் மண் போட்டும் தேச்சேன்."

எனக்கு உடம்பு சில்லிட்டது. நாயின் உமிழ்நீர் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண்ணால் கழுவ வேண்டும் என்று இஸ்லாம் பாடத்தில் படித்ததை அந்தப் பிள்ளை அப்படியே செய்திருக்கிறான். திறந்த காயத்தில் மண்ணைத் தேய்த்திருக்கிறான். ஆனால் வைத்தியசாலைக்குப் போக வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. வீட்டில் சொல்லவும் தைரியம் இருக்கவில்லை.

அன்றே அவனது வாப்பாவை அழைத்தோம். அவர் ஏசவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் நின்றார், பிறகு வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றார். ஊசிகள் போடப்பட்டன. அல்ஹம்துலில்லாஹ், அவன் இன்று நலமாக இருக்கிறான். கடித்த குட்டியை மட்டும் நாம் தேடியும் காணவில்லை.

அந்தப் பிள்ளை மார்க்கத்தைப் பிழையாகப் படிக்கவில்லை. கற்றுக்கொடுத்த நாங்கள்தான் பாதியில் நிறுத்திவிட்டோம். விடுபட்ட மறுபாதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நஞ்சு வைப்போம் என்றார் ஒருவர்

இது நடந்த பின் கூடிய பெற்றோர் கூட்டத்தில் நாய்ப் பிரச்சினையே பெரிதாகப் பேசப்பட்டது. எங்கள் பாடசாலை மதிலுக்குப் பின்னால் இறப்பர் மரங்கள் தொடங்கும் இடத்தில் ஒரு பெண் நாய் நீண்ட காலமாக இருக்கிறது. பிள்ளைகள் அதைக் கறுப்பி என்று அழைப்பார்கள். அதற்கு முன்று தடவை குட்டிகள் பிறந்ததை நானே பார்த்திருக்கிறேன். கடித்தது மூன்றாவது ஈற்றுக் குட்டிகளில் ஒன்று.

"நஞ்சு வைத்தால் ஒரே நாளில் முடிந்துவிடும்" என்றார் ஒருவர். "பாவம், சாக்கில் கட்டி மாஓயாவுக்கு அப்பால் கொண்டுபோய் விடுவோம்" என்றார் மற்றொருவர். "எமக்கு ஏன் இந்த நஜீஸ் வேலை, பிரதேச சபை பார்த்துக்கொள்ளட்டும்" என்றார் மூன்றாமவர்.

இந்த மூன்று பதில்களையும் மாவனல்லையில் நான் சிறு வயது முதல் கேட்டு வருகிறேன். மூன்றாலும் நாய்கள் குறைந்ததில்லை.

நான் நாய்களை நேசிப்பவள். இதைச் சொன்னால் எம்மவர் சிலர் முகம் சுளிப்பார்கள் என்பது தெரியும். என் வாப்பா கேகாலைப் பக்கம் ஒரு இறப்பர் தோட்டத்துக்கு அருகே சிறிய கடை வைத்திருந்தார். கடைக்குக் காவலாக மணி என்றொரு நாய் இருந்தது. அதற்கெனத் தனிச் சிரட்டை, வெளியே தனி இடம். அது வீட்டுக்குள் வந்ததில்லை, வாப்பாவின் தொழுகையும் தவறியதில்லை. மணி செத்த அன்று வாப்பாவே குழி வெட்டினார். சுத்தத்தைப் பேணுவதும் இரக்கம் காட்டுவதும் ஒரே மனிதரில் சேர்ந்திருக்க முடியும் என்பதை அவரிடம்தான் கற்றேன்.

மார்க்கம் இரண்டையும் சொல்கிறது

நாம் பெரும்பாலும் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். இந்த மத்ஹபில் நாய் கடும் நஜீஸ். ஈரத்துடன் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும். உலர்ந்த கை உலர்ந்த நாயில் பட்டால் கழுவ வேண்டிய கடமை இல்லை. மாலிகி மத்ஹபில் உயிருள்ள நாயே சுத்தமானதுதான். வேட்டைக்கும், கால்நடைக் காவலுக்கும், பயிர்க் காவலுக்கும் அல்லாமல் நாய் வளர்ப்பவரின் நன்மை நாளுக்கு நாள் குறையும் என்ற ஹதீஸையும் நாம் அறிவோம்.

இவை எல்லாம் பிள்ளைகளுக்குத் தெரியும். அதே ஹதீஸ் நூல்களில், தாகத்தால் ஈர மண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலணியில் நீர் மொண்டு கொடுத்த மனிதருக்கு அல்லாஹ் மன்னிப்பளித்த செய்தியும் இருக்கிறது. தவறான வாழ்வு வாழ்ந்த ஒரு பெண்ணுக்கும் அதே செயலுக்காக மன்னிப்புக் கிடைத்தது. குகைவாசிகளின் வரலாற்றில் வாசலில் படுத்திருந்த நாயைப் பற்றி ஸூரா அல்கஹ்ஃப் பேசுகிறது. பூமியில் ஊர்வனவும் பறப்பனவும் எம்மைப் போன்ற சமுதாயங்களே என்று ஸூரா அல்அன்ஆம் கற்றுத் தருகிறது.

நஜீஸ் என்பது சுத்தம் பற்றிய சட்டம். அது வெறுப்பதற்கான கட்டளை அல்ல. கல்லெறியவோ, நஞ்சு வைக்கவோ, கண்திறக்காத குட்டிகளைச் சாக்கில் கட்டவோ அது அனுமதி தரவில்லை. நாட்டின் சட்டமும் அப்படித்தான்: மிருகங்களைக் கொடுமைப்படுத்துவது 1907 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி குற்றமாகும்.

சோறு மட்டும் போட்டால் என்ன நடக்கும்?

மிருகங்களில் அன்பு கொண்டவர்களும் ஒரு தவறு செய்கிறோம். நானும் செய்தேன். மதிய உணவில் மிஞ்சியதைக் கறுப்பிக்குப் போடுவேன். மனதுக்கு நிறைவாக இருக்கும். அத்தோடு என் கடமை முடிந்தது என்று நினைத்தேன்.

பெண் நாய் பொதுவாக ஆறு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில் பருவமடைகிறது. அதன்பின் ஆண்டுக்கு இரு தடவை அளவில் சூட்டுக்கு வரும். கர்ப்ப காலம் சுமார் 63 நாட்கள். ஓர் ஈற்றில் ஐந்தாறு குட்டிகள் பிறப்பது சாதாரணம். அப்படியானால் ஒரே நாய் ஓராண்டில் பத்துக் குட்டிகள் வரை ஈன முடியும்.

அந்தப் பத்தும் வளர்ந்து தெருவை நிரப்புவதில்லை. தெருவில் பிறக்கும் குட்டிகளில் பெரும்பாலானவை வளர்ந்து குட்டி ஈனும் வயதை அடையும் முன்பே இறந்துவிடுகின்றன. கொழும்பு - கண்டி வீதியில் வாகனத்தில் அடிபட்டு, நோயால், பசியால், மழைக்காலக் குளிரால் அவை சாகின்றன. கறுப்பியின் முதல் ஈற்றுக் குட்டிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நான் போட்ட சோறு தாயின் வயிற்றை நிரப்பியது. அடுத்தடுத்துப் பிறந்து செத்த குட்டிகளுக்கு அது எதையும் செய்யவில்லை.

இந்தப் பிறப்பும் இறப்பும் நீர்வெறுப்பு நோயோடும் தொடர்புடையவை. ஒரு பிரதேசத்திலுள்ள நாய்களில் 70 வீதமானவற்றுக்குத் தடுப்பூசி போட்டால் நோய் நாயிலிருந்து நாய்க்குப் பரவுவது நின்றுவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஆனால் தடுப்பூசி போட்ட நாய்கள் சாகச் சாக, போடாத குட்டிகள் பிறந்துகொண்டே இருந்தால் அந்த 70 வீதம் சில மாதங்களிலேயே கரைந்துவிடும். தடுப்பூசியின் பயன் நீடிக்க வேண்டுமானால் பிறப்பு குறைய வேண்டும். அதற்கான வழிதான் கருத்தடை.

கொன்று பார்த்தார்கள்

கொல்வது புதிய யோசனை அல்ல. இலங்கையில் நீர்வெறுப்பு நோய்க் கட்டளைச் சட்டம் 1893 இல் வந்தது. அதன்பின் நூறு ஆண்டுகளுக்கு மேலாக உள்ளூராட்சி சபைகள் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றன. ஆனாலும் 1973 இல் மட்டும் இந்த நாட்டில் 377 பேர் நீர்வெறுப்பு நோயால் இறந்தார்கள். நாய்களுக்குத் தடுப்பூசி போடும் வேலை விரிவடைந்து, கடியுண்டவர்களுக்கு அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாக ஊசி கிடைக்கத் தொடங்கிய பின்னரே அந்த எண்ணிக்கை படிப்படியாக இறங்கியது. அண்மைய ஆண்டுகளில் அது இருபது, முப்பது அளவில் இருக்கிறது. 2006 இல் தெருநாய்களைக் கொல்வதை நிறுத்தும் கொள்கை வந்தது. அதனால் மரணங்கள் பழையபடி நூற்றுக்கணக்கில் ஏறிவிடவில்லை.

கொழும்பு நகரில் 2007 முதல் மாநகர சபையும் புளூ பா டிரஸ்ட் என்ற அமைப்பும் சேர்ந்து தடுப்பூசி, கருத்தடை, பாடசாலைப் பிள்ளைகளுக்கு நாய்க்கடி பற்றிய விழிப்புணர்வு ஆகிய மூன்றையும் ஒன்றாக முன்னெடுத்தன. சில ஆண்டுகளில் நகரத்து நாய்களிடையே நீர்வெறுப்பு நோய் வெகுவாகக் குறைந்தது.

சென்னையில் புளூ கிராஸ் அமைப்பு 1964 லேயே தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யத் தொடங்கியது. கொல்வதைக் கைவிட்டு இந்த வழிக்கு வர மாநகராட்சிக்கு மேலும் முப்பது ஆண்டுகள் எடுத்தன. எங்கள் தெற்காசியாவிலேயே உள்ள சிறிய நாடான பூட்டான் 2009 இல் நாடளாவிய வேலையை ஆரம்பித்தது. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களுக்குக் கருத்தடை செய்து, தெருநாய்கள் அனைத்தையும் முடித்துவிட்டதாக 2023 ஒக்டோபரில் அறிவித்தது.

முஸ்லிம் உலகிலும் ஒரு பாடம் உண்டு. உஸ்மானியர் காலத்தில் இஸ்தான்புல் மக்கள் தெருநாய்களுக்கு உணவும் நீரும் வைப்பதை வழக்கமாகக் கொண்டிருந்தார்கள். 1910 இல் அன்றைய நிர்வாகம் நகரை நவீனமாக்குவதாகச் சொல்லிப் பல்லாயிரக்கணக்கான நாய்களைப் பிடித்து மர்மரா கடலிலுள்ள ஒரு பாறைத் தீவில் கொண்டுபோய் விட்டது. உணவும் நீரும் இன்றி அவை அங்கேயே செத்தன. அந்தத் தீவைத் துருக்கி மக்கள் ஹயிர்சிஸ் அதா என்பார்கள். ஹைர் இல்லாத தீவு என்று பொருள். இன்று இஸ்தான்புல் தெருக்களில் நாய்கள் இருக்கத்தான் செய்கின்றன.

காரணம் எளிது. தெருவில் உணவு இருக்கும் வரை அங்கே நாய்க்கு இடம் இருக்கும். ஒன்றைக் கொன்றால் அந்த இடத்துக்கு அயலிலிருந்து இன்னொன்று வரும், அல்லது பிறக்கும் குட்டி நிரப்பும். கருத்தடை செய்து தடுப்பூசி போட்ட நாய் அதே இடத்தில் இருந்தால், புதிய நாய் இலகுவில் உள்ளே வராது. வயதாகி அது இறக்கும்போது அதற்குப் பின் குட்டிகளும் இருக்காது.

கருத்தடை ஆகுமா?

கூட்டத்தில் இதைச் சொன்னதும் ஒரு தாய் நியாயமான கேள்வி ஒன்றைக் கேட்டார்: "அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவது ஹராம் இல்லையா டீச்சர்?"

நான் ஆலிம் அல்ல. ஆகவே எங்கள் பகுதி மௌலவி ஒருவரிடம் கேட்டேன். அவர் இரு பக்கத்தையும் சொன்னார். உண்ணப்படாத பிராணிகளுக்கு விதையடிப்பதை இமாம் நவவி (ரஹ்) போன்ற ஷாபிஈ அறிஞர்கள் தடுத்தே இருக்கிறார்கள். அன்று மயக்க மருந்து இல்லை, அது வேதனை நிறைந்த செயலாக இருந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஹனபி அறிஞர்கள் பயன் இருந்தால் ஆகும் என்றார்கள். இன்றைய அறிஞர்கள் பலர், பிராணிக்குப் பெரும் தீங்கு ஏற்படாமலும் பெருக்கத்தால் வரும் தீங்கைத் தடுக்கும் தேவைக்காகவும் செய்தால் கூடும் என்கிறார்கள். எம்மைப் போலவே ஷாபிஈ மத்ஹப் நிலவும் மலேசியாவில் தேசிய ஃபத்வா குழு 2002 இல், தேவையும் நலனும் இருக்கும்போது பிராணிகளுக்குக் கருத்தடை செய்யலாம் என்று தீர்மானித்தது.

"நஞ்சு வைப்பதா, பட்டினியால் சாகவிடுவதா, மயக்கி ஒரு சத்திரசிகிச்சை செய்வதா என்று மூன்றையும் வைத்துப் பாருங்கள்" என்றார் மௌலவி. சந்தேகம் இருப்பவர்கள் தமது ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறலாம்.

சத்திரசிகிச்சை இவ்வளவுதான்: மிருக வைத்தியர் நாயை மயக்கத்தில் ஆழ்த்தி, பெண் நாயாயின் சூலகங்களையும் கருப்பையையும், ஆண் நாயாயின் விதைகளையும் அகற்றித் தைத்துவிடுவார். காயம் பத்து நாட்கள் அளவில் ஆறிவிடும். தெருநாயாயின், மீண்டும் பிடிக்காமல் இருக்கக் காதில் சிறிய வெட்டு அடையாளம் இடுவார்கள். பெண் நாய்க்குக் கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்து நீங்கும். இளவயதிலேயே செய்தால் முலைக் கட்டிகளும் குறையும். ஆண் நாய்கள் பெண் நாயைத் தேடி அலைவதும், கூட்டமாகச் சண்டையிடுவதும் குறையும். எங்கள் பிள்ளைகள் அதிகம் பயப்படுவது அந்தக் கூட்டத்துக்குத்தானே.

கறுப்பியைக் கொண்டுபோன நாள்

கூட்டத்தில் முடிவு ஒருமனதாக வரவில்லை. "டீச்சர் முயற்சி செய்து பாருங்கள்" என்ற அளவில் கலைந்தது. கறுப்பியைப் பிடிக்க முதலில் ஆள் கிடைக்கவில்லை. முச்சக்கர வண்டிக்காரர்கள் இருவர் நாயை ஏற்ற மறுத்தார்கள். அவர்களையும் குறை சொல்ல மாட்டேன், அதே வண்டியில்தான் தொழுகையாளிகளையும் ஏற்ற வேண்டும். கடைசியில் தோட்டத்து லயத்திலிருந்து ஒரு அண்ணன் வந்தார். அவரும் கறுப்பிக்குச் சோறு போடுபவர். என்னோடு கற்பிக்கும் சிங்கள ஆசிரியை ஒருவர் தன் கணவரின் சிறிய லொறியைத் தந்தார். நான் தடித்த பிளாஸ்டிக் விரிப்பும் கையுறையும் வாங்கினேன். செலவை ஆசிரியர்கள் சிலர் பகிர்ந்துகொண்டோம்.

அன்று மாலை கறுப்பி தள்ளாடியபடி திரும்பி வந்தது. நான் கையை ஏழு தடவை கழுவினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இத்தனை ஆண்டுகளாக அந்த ஐந்து நிமிடத்துக்காகவா ஒதுங்கி நின்றோம் என்று நினைத்துக்கொண்டேன்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: நாயோ பூனையோ கடித்தால், பிராண்டினால், காயத்தை நக்கினால் உடனே வீட்டில் சொல்ல வேண்டும், யாரும் ஏச மாட்டார்கள். கடித்தது சிறிய குட்டிதானே என்று அலட்சியம் வேண்டாம், குட்டிக்கும் இந்த நோய் இருக்கலாம். காயத்தை ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, தாமதிக்காமல் அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். நாட்கள் கடந்திருந்தாலும் போக வேண்டும். நோயின் அறிகுறி தெரிந்த பின் ஏறத்தாழ யாரும் பிழைப்பதில்லை. காயத்துக்குள் மண், மஞ்சள், மிளகாய்த்தூள் எதையும் இடக்கூடாது. மண்ணால் கழுவும் சட்டம் உடைக்கும் காயமில்லாத தோலுக்கும் பாத்திரத்துக்கும் பொருந்தும், திறந்த காயத்தைப் பற்றி ஆலிம்களிடம் கேளுங்கள். உயிரைக் காப்பதுதான் முதலில்.

இரண்டாவது, உழ்ஹிய்யா. ஹஜ்ஜுப் பெருநாள் நாட்களில் எலும்பையும் குடலையும் வெற்றுக்காணியிலும் ஆற்றோரத்திலும் எறிகிறோம். அந்த நாட்களில் எங்கிருந்தெல்லாமோ நாய்கள் வந்து சேரும். பிறகு நாய்த் தொல்லை என்று முறைப்பாடும் நாமே செய்கிறோம். கழிவை ஆழமாகப் புதைப்பது இபாதத்தின் ஒரு பகுதி என்று பள்ளிவாசல்கள் அறிவிக்கலாம். இறைச்சிக் கடைகளுக்கும் இது பொருந்தும்.

மூன்றாவது, பள்ளிவாசல் அறிவித்தல் பலகை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை நாய்களுக்கு இலவசத் தடுப்பூசி போடும் நாட்களை அறிவிக்கும். அந்தத் திகதியைப் பலகையில் எழுதுங்கள். கருத்தடை முகாம் நடக்கும் நாட்களைப் பிரதேச மிருக வைத்திய அலுவலகத்திலும் பிரதேச சபையிலும் கேட்டறியலாம். நாய் பிடித்துக் கொடுக்க எமது இளைஞர்கள் முன்வந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. காவலுக்கு நாய் வளர்ப்பவர்கள் இவ்விரண்டையும் செய்யாமல் வளர்க்க வேண்டாம்.

நான்காவது, குட்டிகளைச் சாக்கில் கட்டிப் பன்சலை வாசலிலும் தோட்டத்து லயன் ஓரத்திலும் விடுவதை நிறுத்துவோம். எமது வாசலைச் சுத்தமாக்க அயலவரின் வாசலில் சுமையை இறக்குவது அண்டை வீட்டாரின் உரிமை பற்றிப் பேசும் சமூகத்துக்கு அழகல்ல.

கறுப்பி இப்போதும் மதிலோரம்தான் படுத்திருக்கிறது. காதில் சிறிய வெட்டு. இரண்டு சூட்டுக் காலம் கடந்துவிட்டது, குட்டிகள் இல்லை. ஆண் நாய்க் கூட்டமும் பாடசாலை வாசலில் நிற்பதில்லை. அந்த மாணவன் இடைவேளையில் மிஞ்சிய சோற்றை ஒரு சிரட்டையில் போட்டுத் தூரத்தில் வைத்துவிட்டு வருவான். இப்போது ஒளிந்து வைப்பதில்லை. அவனது வாப்பாதான் சிரட்டையைக் கொடுத்தனுப்பினாராம்.